முப்பத்தேழாவது மொய்

கிட்டுசாமி கஞ்சன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டெக்சாஸின் காப்பெல் ஊரில் அவரைத் தெரிந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரிதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி, போகும்போது டப்பாவிலும் அடைத்துக் கொடுக்கிற மனுஷன் அவர். ஆனால் கட்டணம் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், ரத்தம் கொதிக்கும். ஏடிஎம்மில் மூன்று டாலர் பிடித்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. மகள் வெண்பா கேட்ட கச்சேரி டிக்கெட்டில் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று பதினெட்டு டாலர் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “இது யாருக்குக் கன்வீனியன்ஸ்?” என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே திரிந்தார்.

அப்பேர்ப்பட்டவரின் மைத்துனன் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

மைத்துனன் வெள்ளியங்கிரி காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். மகள் வான்மதிக்கு ஆவணி மாத முகூர்த்தம். கிட்டுசாமியின் மனைவி சாந்தாமணி பெண்ணுக்கு ஒரே அத்தை. அத்தை இல்லாமல் கல்யாணமா? ஆனால் பதினைந்து வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற குடும்பம் அது. விசா ஸ்டாம்பிங்குக்குத் தேதி கிடைக்கவில்லை. போனால் திரும்பி வர முடியுமா என்று வக்கீலாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாந்தாமணி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, “மொய்யாவது மொறையாப் போயாகோணுங்க” என்றாள்.

கிட்டுசாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். நூற்றியொரு டாலர் அனுப்பினால் ஐந்து டாலர் கட்டணம். அது போக, டாலருக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அதுவே ஆயிரம் டாலருக்கு மேல் போனால் கட்டணமே கிடையாது, ரேட்டும் முழுசாகக் கிடைக்கும். அதாவது நிறைய வைத்திருப்பவனுக்கு இலவசம், கொஞ்சம் அனுப்புகிறவனுக்குத் தண்டம். கிட்டுசாமிக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

வெள்ளியங்கிரிக்கு மொய் வைக்க வேண்டிய சொந்தமும் பந்தமும் அமெரிக்காவில் முப்பத்தேழு வீடு. டெக்சாஸில் கொஞ்சம், நியூ ஜெர்சியில் நிறைய, கலிபோர்னியாவில் மீதி. முப்பத்தேழு பேரும் தனித்தனியாகக் கட்டணம் அழுதால் நூற்றெண்பத்தைந்து டாலர் ஆகாசத்துக்குப் போகும். ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால்? ஒரு பைசா கிடையாது. இதை யாரும் இத்தனை நாள் யோசிக்கவில்லையே என்று அவருக்கே ஆச்சரியம்.

கட்டணம் ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாந்தாமணிக்கு மட்டும் அது சொல்லாமலே தெரியும்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் வெள்ளியங்கிரியின் சொந்தக் கல்யாணம். அந்த வீட்டு வழக்கப்படி மொய்யை எழுதினால் மட்டும் போதாது, எழுதிய கையோடு மைக்கில் படிக்கவும் வேண்டும். கிட்டுசாமி வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரை அப்போதுதான் மூடியிருந்தார்கள். பையில் இருந்ததைத் தடவிப் பார்த்து எழுதினார். “மாப்பிள்ளையோட மச்சான் கிட்டுசாமி, நூத்தியொண்ணு” என்று மைக் ஊருக்கே சொன்னது. பந்தி வரிசையில் நின்ற சபரிநாதன், சாந்தாமணிக்குப் பெரியப்பா மகன், “பஸ்ஸுக்கு எடுத்து வெச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்துட்டாராட்ட இருக்குது” என்றான். நாலு வரிசை சிரித்தது. கிட்டுசாமியும் கூடச் சிரித்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அமெரிக்கா வந்து எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் பணம் அனுப்பியாயிற்று. ஆனால் பேங்குக்குப் போகிற பணத்தை யார் மைக்கில் படிக்கிறார்கள்? அந்த மைக் அவர் பெயரைக் கடைசியாகச் சொன்னது நூற்றியொரு ரூபாயோடுதான். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை, அது தன் பெயரை மரியாதையாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஐம்பத்தோரு வயது மனுஷனுக்கு ஆசை. கேட்டால் சின்னப்பிள்ளைத்தனம் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், அவருக்கு இருந்தது.

மூன்று ஊர்க்காரர்களையும் ஜூமில் கூட்டினார். கூட்டியதும் சண்டை ஆரம்பித்தது.

மான்மவுத் ஜங்ஷனிலிருந்து சேனாபதி மொத்த நியூ ஜெர்சிக்கும் பேசினார். அவருக்கு மைக்கே தேவையில்லாத குரல். “கிட்டுண்ணா, எங்க ஜெர்சில மட்டும் பதினேழு வீடு. மெஜாரிட்டி நாங்க. கலெக்ஷன் எங்க அக்கவுன்ட்டுக்குத்தான் வரோணும்.”

கலிபோர்னியாவின் பிளசன்டனிலிருந்து மதன் கையைத் தூக்கினான். “அண்ணா, இதுக்கு ஒரு ஆப் பில்ட் பண்ணீரலாம்ணா. டாஷ்போர்டு, ரிமைண்டர் எல்லாம் வெச்சு. ரெண்டு வீக்கெண்ட் குடுங்க, போதும்.”

“ஆப் வேண்டாந் தம்பி. நூத்தியொரு டாலர் குடு, அது போதும்.”

“நூத்தியொண்ணு கம்மியா இல்லீங்களாண்ணா? பே ஏரியால நாங்க ஆளுக்கு இருநூத்தியொண்ணு போடறோம்.”

இந்த இடத்தில் கிட்டுசாமி குரலை உயர்த்தினார். அவர் குரலை உயர்த்தி யாரும் அதிகம் கேட்டதில்லை. “எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. ஒரு டாலர் கூடவும் வேண்டாம், ஒரு டாலர் கொறையவும் வேண்டாம். இப்பத்தான் வேலைக்கு வந்த பையனும் அதே, டைரக்டரா இருக்கறவரும் அதே. மைக்குல படிக்கறப்ப ஒருத்தரப் பாத்து ஒருத்தரு சிரிக்கக் கூடாது.”

சேனாபதிதான் முதலில், “அதுஞ் சரிதான்” என்றார். கலெக்ஷனைக் கிட்டுசாமியிடமே விட்டுவிட்டார்கள். யோசனை சொன்னவன் தலையில் வேலையைக் கட்டுவது எந்த மாநிலத்துக்குப் போனாலும் நம்மாட்கள் மறக்காத பழக்கம்.

அடுத்த சண்டை, பட்டியலில் எந்த ஊர் முதலில் என்பது. ஜெர்சி ஆள் பலத்தைச் சொன்னது, கலிபோர்னியா அகர வரிசை என்றது, டெக்சாஸ் இது எங்கள் யோசனை என்றது. முக்கால் மணி நேரம் ஓடியபிறகு கிட்டுசாமி ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை டெக்சாஸ் நேரம் காலை பத்து மணிக்குத் தொடங்கி, யார் பணம் முதலில் அவர் அக்கவுன்ட்டுக்கு வந்து சேர்கிறதோ அவர் பெயர் முதலில்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! சனிக்கிழமை பத்து அடித்ததும் மூன்று மாநிலத்திலும் பந்தயம் தொடங்கியது. சேனாபதி பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்து அக்கவுன்ட் பூட்டிக்கொண்டுவிட, அவர் மனைவி அனுப்பி மானத்தைக் காப்பாற்றினாள். மதன் ஒன்பது மணி ஐம்பத்தொன்பதுக்கே அனுப்பிவிட்டு, தன் போன் கடிகாரம்தான் சரி என்று சாதித்தான். கிட்டுசாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பணம் வர வர ஒவ்வொரு பெயராக, சொந்த ஊரோடு சேர்த்து எழுதினார். மத்தியானத்துக்குள் கடைசி வீட்டுப் பணமும் வந்துவிட்டது. மொத்தம் மூவாயிரத்து எழுநூற்று முப்பத்தேழு டாலரை ஒரே தட்டில் அனுப்பினார். ரேட்டு சரியாக எண்பத்தெட்டு ரூபாய். கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டார். குழந்தை பிறந்த செய்திக்குக்கூட அந்த குரூப்பில் அத்தனை இதயம் விழுந்ததில்லை.

பெயர்ப் பட்டியலையும் வெள்ளியங்கிரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வாட்ஸ்அப் பார்ப்பாரா என்று அவருக்குத் தோன்றவில்லை.

அங்கே திங்கட்கிழமை காலை முகூர்த்தம். காப்பெலில் ஞாயிறு சாயங்காலம். மறுநாள் லேபர் டே லீவு வேறு. டெக்சாஸ் வீடுகள் மொத்தமும் கிட்டுசாமி வீட்டு ஹாலில் பட்டு கட்டி உட்கார்ந்துவிட்டது. வெளியே நூறு டிகிரி வெயில், உள்ளே அலுமினிய டிரேயில் அரிசிம்பருப்புச் சாதமும் கத்திரிக்காய்ப் பொரியலும். டிவியில் லைவ். ஜெர்சிக்காரர்கள் சேனாபதியின் பேஸ்மென்ட்டில், கலிபோர்னியாக்காரர்கள் மதன் வீட்டில். தாலி கட்டும்போது சாந்தாமணி டிவியைப் பார்த்து அட்சதை போட்டாள். அவள் போட்டதும் எல்லோரும் போட்டார்கள். “கைஸ், தி டிவி!” என்று வெண்பா கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

பந்தி ஆரம்பித்ததும் மொய் மேசையைக் காட்டினார்கள். நோட்டுக்கு முன்னால் இருந்தவர் ஊர்க் கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பேனாவை அவர் பிடித்திருந்த விதத்திலேயே அது தெரிந்தது. பக்கத்தில் மைக். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். கிட்டுசாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“பொண்ணோட அத்தை மாமா, அமெரிக்கா கிட்டுசாமி சாந்தாமணி” என்றது மைக். ஹாலில் எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். “மூணு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூத்தி அம்பத்தாறு ரூபாய்!”

கத்தல் பாதியில் நின்றது.

நடந்தது இதுதான். வெள்ளியங்கிரி பட்டியலைப் பார்க்கவே இல்லை. “மச்சான் அனுப்பியிருக்காரு, பேங்க் மெசேஜப் பாத்து எழுதிக்கங்க” என்று மேசையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேங்க் மெசேஜில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

மண்டபத்தில் கைதட்டல் அடங்கவில்லை. கேமரா பந்தி வரிசைப் பக்கம் திரும்பியது. அங்கே, தலை நரைத்து, பட்டு வேட்டியில், வாயைப் பிளந்துகொண்டு நின்றது யார்? சபரிநாதனேதான்.

கிட்டுசாமிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. இருபத்து நான்கு வருஷம் காதுக்குள் கிடந்த நூற்றியொன்று அந்த நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை. தன் பெயர், அந்த மைக், அந்தத் தொகை. பொய்தான், ஆனால் என்ன ஒரு பொய்! பாயசம் தொண்டையில் இறங்குவது போல இறங்கியது. ஒரு நிமிஷம் இருக்கட்டுமே என்று நினைத்தார். அப்புறம், இருந்தால்தான் என்ன, பணம் போய்ச் சேர்ந்தாயிற்றே என்றும் நினைத்தார். திருத்தினால் என்ன ஆகும்? அதே மைக் இந்தப் பெரிய தொகையை அவர் பெயரிலிருந்து உருவிக்கொண்டு, சொந்த அத்தை மாமா வைத்த மொய் எட்டாயிரத்துச் சொச்சம் என்று அதே சபரிநாதன் காது கேட்கச் சொல்லும்.

போன் அடித்தது. சேனாபதியும் மதனும் ஒரே அழைப்பில் இருந்தார்கள்.

“என்னுங்க கிட்டுண்ணா! பதினேழு வீட்டு மொய்ய ஒரே வாயில முழுங்கிட்டீங்க?” சேனாபதிக்குப் பின்னால் பேஸ்மென்ட்டே இரைந்தது. “என்ற மாமியா ஊர்ல இருந்து கேக்குது, உங்க பேர ஏன் படிக்கலைன்னு!”

“அண்ணா, அதுக்குத்தான் ஆப் வேணும்னு சொன்னேன்” என்றான் மதன்.

கிட்டுசாமி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

“ஏனுங்க, காது குளுரக் கேட்டாச்சுங்களா?” என்றாள் மெதுவாக.

“ம்.”

“அப்பச் சரி. இப்ப எடுத்துச் சொல்லீருங்க. அத்தன பேர்த்துப் பணங்க.”

கிட்டுசாமி பெருமூச்சு விட்டார். ஒரு நிமிஷ ராஜாவுக்கு அந்தப் பெருமூச்சு நியாயம்தான். இருவரையும் லைனிலேயே நிறுத்திவைத்து வெள்ளியங்கிரிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. பந்தியில் நிற்கிற மனுஷன் எப்படி எடுப்பார்? இன்னும் இரண்டு பேருக்குப் போட்டார், அவர்களும் இலையில் கை வைத்திருந்தார்கள்.

“அப்பா, தி நம்பர் இஸ் ரைட் தேர்” என்றாள் வெண்பா. மொய் மேசைக்குப் பின்னால் கூகுள் பே அட்டை தொங்கியது, அதன் கீழே கொட்டை எழுத்தில் போன் நம்பர். அவளே தன் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

டிவியில் மொய் எழுதுகிறவர் போனை எடுப்பது தெரிந்தது. “அலோ, மொய்ங்களா?”

“மொய்தானுங்க. கிட்டுசாமி பேசறேன், அமெரிக்காவுல இருந்து.”

போனை ஸ்பீக்கரில் போட்டவர் மைக்கை அணைக்கவில்லை. கிட்டுசாமியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. லைவில் கொஞ்சம் தாமதித்து அவருக்கே திரும்பியும் வந்தது. தன் குரலையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாந்தாமணி முழங்கையால் இடித்தாள்.

“அந்தப் பணம் என்னோடது இல்லீங்க. முப்பத்தேழு வீட்டுப் பணம். டெக்சாஸ், ஜெர்சி, கலிபோர்னியா, எல்லாருஞ் சேந்து ஒண்ணா அனுப்புனோம். கட்டணம் மிச்சம் புடிக்கலாம்னு. பேரெல்லாம் லிஸ்ட்டு இருக்குதுங்க. தயவுபண்ணி எல்லாப் பேரையும் படிச்சுருங்க.”

கூட்டுறவு வங்கிக்காரர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். சேர்ந்து செலவைக் குறைத்தார்கள் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். “அப்புடி வாங்க! அனுப்புங்க லிஸ்ட்ட” என்று, முன்னால் எழுதிய வரியை ஸ்கேல் வைத்து அடித்தார்.

வெண்பா அனுப்பினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“ஒண்ணு. மதன், சிவன்மலை. இப்ப இருக்கறது பிளசன்டன். எட்டாயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டு!”

கலிபோர்னியா கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது போனில் கேட்டது. பெயர் பெயராக வந்தது, பெயருக்குப் பின்னால் ஊர் வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் மண்டபத்தில் ஒரு மூலை கை தட்டியது. “நம்ம பையன்!” என்று யாரோ விசில் அடித்தார்கள். மான்மவுத் ஜங்ஷன் என்று ஆறாவது தடவை வந்தபோது, “அங்க எத்தன ரயிலுங்க நிக்குது?” என்று மொய்க்காரர் கேட்க, மண்டபமும் மூன்று மாநிலமும் ஒன்றாகச் சிரித்தன. பதினாறு வருஷமாக ஊருக்குப் போகாத ஒருத்தர் காப்பெல் ஹாலில் தன் பெயர் வந்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஒருத்தி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள், டிவியைப் பார்த்து.

கிட்டுசாமி ஒவ்வொரு பெயருக்கும் விரலை மடக்கினார். தன் சங்கதி அவருக்கு மறந்தே போனது.

“முப்பத்தாறு. சேனாபதி, நத்தக்காடையூர், மறுபடியும் அதே ஜங்ஷன்.” மொய்க்காரர் பேனாவை மூடவில்லை. ஓரமாகக் கூட்டிப் பார்த்தார். புருவம் ஏறியது. “கணக்கு ஒதைக்குதுங்களே. பேரு முப்பத்தாறு. பணம் முப்பத்தேழு பேர்த்துது. ஒரு மொய் பேரில்லாம நிக்குது. அது யாருதுங்க?”

கிட்டுசாமி மடக்கிய விரலையே பார்த்தார். இத்தனை பேரையும் சேர்த்து, இத்தனை கவனமாக எழுதி, ஒரு வீட்டை விட்டுவிட்டேனா? அந்த வீட்டார் இப்போது எங்கே உட்கார்ந்து மனசு நொந்துகொண்டிருக்கிறார்களோ? அந்த நோவு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

“ஒரு நிமிஷம், ஒரு நிமிஷமுங்க, பாத்துச் சொல்லீர்றேன்.” கண்ணாடியைத் தேடினார். அது மூக்கிலேயே இருந்தது. “சேனாபதி, ஜெர்சில யாரு விட்டுப் போச்சு?”

“பதினேழும் வந்துருச்சுண்ணா.”

“மதன்?”

“ஒம்பதும் ஓகேண்ணா.”

“அப்ப டெக்சாஸ்லதான்.” எழுந்து நின்று ஹாலில் இருந்தவர்களை விரலால் எண்ணத் தொடங்கினார். “உங்க பேரு வந்துச்சா? உங்குளுது? ஏனுங்க, உங்குளுது?” ஒவ்வொருத்தரும் வந்துவிட்டது என்று தலையாட்டினார்கள். “பத்து. பதினொரு வீடு இருக்கோணுமே. யாரோ பணத்தையுங் குடுத்துப்போட்டுப் பேசாம இருக்கறாங்க. யாருங்க அது? கூச்சப்படாமச் சொல்லுங்க!”

சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பணம் அக்கவுன்ட்டுக்கு வர வர எழுதிய பட்டியல் அது. அவர் பணம் எங்கிருந்து வர வேண்டும்? அது முதலிலிருந்தே அங்கேதானே இருந்தது.

“ஓ மை காட், அப்பா” என்றாள் வெண்பா.

சேனாபதிக்குத்தான் முதலில் விளங்கியது. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பேஸ்மென்ட் சிரித்தது. மதன் வீடு சிரித்தது. மேசை மேல் இரண்டு போனும் அதிர்ந்தன. “பேரச் சொல்லுங்கப்பா, பந்தி நிக்குது!” என்று மொய்க்காரர் மைக்கில் அவசரப்படுத்தினார்.

சொன்னார்கள். ஹாலில் பத்து வீடு, ஜெர்சியில் பதினேழு வீடு, கலிபோர்னியாவில் ஒன்பது வீடு, பெரியவர்கள், பிள்ளைகள், எல்லோரும் ஒரே குரலாக, “கிட்டுசாமீ!” என்று கத்தினார்கள். வெண்பாவின் போன் வழியாக அது போய், மொய் மேசை மைக்கில் ஏறி, மண்டபத்து ஸ்பீக்கர் அத்தனையிலும் வந்து விழுந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள்.

கிட்டுசாமி நீட்டிய விரலோடு அப்படியே நின்றார். பிறகு அந்த விரலை மெதுவாகத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

“முப்பத்தேழு” என்று எழுதினார் மொய்க்காரர். “கிட்டுசாமி சாந்தாமணி, பொண்ணோட அத்தை மாமா. எட்டாயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டு! கணக்கு நேராச்சு.”

மண்டபம் சிரித்தது. சபரிநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அத்தனை பேருக்கும் மேலாகச் சிரித்தது கிட்டுசாமிதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சத்தம் கேட்டு வெள்ளியங்கிரி சாம்பார் வாளியோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டு மைக்கைப் பிடுங்கினார். “மச்சான்!” என்றார். “அக்கா, மச்சான மொதல்ல சாப்பிடச் சொல்லு. அன்னைக்கும் சாப்பிடாமத்தான் போனாரு.”

கிட்டுசாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார். இருபத்து நான்கு வருஷமாகத் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தது அது.

சாந்தாமணி தட்டில் அரிசிம்பருப்பைப் போட்டு, மேலே நெய் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் உருட்டினார், நிறுத்தினார், போனைத் தன் பக்கம் இழுத்தார்.

“மாப்ளே, சாப்பிடறேன்” என்றார். “அதுக்குள்ள அவர அந்தக் கடைசி பேர இன்னொருக்காப் படிக்கச் சொல்லு.”